வீணாய்ப்போன ஏழு பலகைகள்

அப்பாவின் பட்டறையில் எனக்கு முதலில் கிடைத்த கருவி உப்புத்தாள். அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அறுத்து இழைத்து வைத்த கதவுச் சட்டங்களைத் தேய்க்க உட்கார வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நடுத்தரம், கடைசியில் மாவு போன்ற நைஸ் தாள். எனக்கு முன்னால் அந்த இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். பாலிஷ் போட்டுப் போட்டு அம்மாவின் விரல் நுனிகள் எப்போதும் உரிந்தே இருக்கும். அப்பாவின் கணக்கு நோட்டில் கூலிக்கு வந்த பையனின் சம்பளம் உண்டு, ஆணி உண்டு, அரக்கு உண்டு, டீச்செலவு உண்டு. அம்மாவுக்கும் எனக்கும் ஒரு வரிகூட இல்லை.

தம்பி என்னைவிட இரண்டு வயது சின்னவன். அவனுக்குப் பத்து வயதானபோது அப்பா அவன் கையில் ரம்பத்தைக் கொடுத்தார். அவன் முதல் நாளே ஒரு நல்ல பலாப்பலகையைக் கோணலாக அறுத்துக் கெடுத்தான். அப்பா சிரித்தார். "போகுது விடு, கை பழகட்டும்" என்றார். அடுத்த வாரம் யாரும் இல்லாத நேரத்தில் நான் அதே ரம்பத்தை எடுத்தேன். பாதி அறுப்பதற்குள் அப்பா வந்துவிட்டார். "மரம் என்ன விலை விக்குதுன்னு தெரியுமா கண்ணு? வெச்சுட்டுப் போ" என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்போடுதான் சொன்னார். அதனாலேயே அதை எதிர்த்துப் பேச எனக்கு முப்பத்தாறு வயதுவரை தோன்றவில்லை.

எங்கள் பட்டறை இருப்பது கொல்லிமலையில், செம்மேட்டுக்குப் பக்கத்தில். அப்பா ராசிபுரத்திலிருந்து மலையேறி வந்த தச்சர். வரும்போதே அவருக்கு இடது ஆள்காட்டி விரலில் மேல்கணு கிடையாது. கீழே ஒரு பட்டறையில் இழைப்பு மெஷின் தின்றுவிட்டது. நான் பி.எஸ்சி. கணக்கு படித்து, கல்யாணமாகி மலையிறங்கிப் போய், பதினொரு வருடம் கழித்து மகளோடு திரும்பி வந்தேன். திரும்பி வந்த கதை இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். வந்தபோது அம்மா இல்லை. தம்பி திருப்பூருக்குப் போய்விட்டான். அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை. பட்டறை பாதி நாள் பூட்டியே கிடந்தது. நான் ஒரு கடையில் கணக்கெழுதப் போனேன்.

மகளோடு சேர்ந்து மலையேறிய சாமான்களில் ஒரு பழைய கிடாரும் இருந்தது. இரண்டாம் கை, மலிவு விலை. புது ஊர், புதுப் பள்ளிக்கூடம், பேச ஆளில்லை. அவள் சாயங்காலமெல்லாம் அதை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டில் உப்பு நீர்க்கும், தீப்பெட்டி நமுக்கும். கிடார் எம்மாத்திரம்? கார்த்திகை முடிவதற்குள் அதன் விரல்பலகை உப்பிக்கொண்டு கழன்றது. விரல்பலகை என்றால், கம்பிகளுக்கு அடியில் கழுத்தின் மேல் ஒட்டியிருக்கும் கறுப்புப் பலகை. கறுப்பு வெறும் சாயம். உள்ளே தூளை அமுக்கிச் செய்த அட்டை. அது கையோடு பிய்ந்து வந்தது. கீழே காட்டிக் கேட்டதற்கு, "ரிப்பேர் செலவுக்குப் புதுசே வாங்கிடலாங்க" என்றார்கள். புதிது வாங்கப் பணம் இல்லை. தம்பிக்குப் போன் செய்தேன். "பொங்கலுக்கு வர்றப்போ பார்க்கலாங்க்கா" என்றான். பட்டறை முழுக்க மரம் இருக்கிறது, நான் தச்சர் மகள், ஒரு முழ நீளப் பலகைக்குப் பொங்கல்வரை காத்திருக்க வேண்டுமா என்று அன்றைக்குத்தான் கேட்டுக்கொண்டேன்.

பலகை செய்வது பெரிய காரியமில்லை. அதில் காடி வெட்டுவதுதான் காரியம். கிடாரின் விரல்பலகையில் குறுக்காக உலோகக் கம்பிகள் பதிந்திருக்கும். ஃப்ரெட் என்பார்கள், வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான். ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் பலகையில் ஒரு மெல்லிய காடி வேண்டும். அது இருக்க வேண்டிய இடம் கணக்கில் வருவது.

அந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பதினைந்து வருடமாக எதற்கும் பயன்படாத என் பட்டப்படிப்பு அதில் உட்கார்ந்திருந்தது. ஒரு கம்பியைச் சரிபாதியில் அழுத்தினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். இடையில் பன்னிரண்டு சம படிகள். ஆகவே 2-இன் பன்னிரண்டாம் படிமூலம். நடைமுறையில் இப்படி: கம்பியின் முழு நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் தூரம். மிச்சமிருக்கும் நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. எங்கள் கிடாரில் கம்பி நீளம் 648 மி.மீ. முதல் ஃப்ரெட் 36.37 மி.மீ.யில், இரண்டாவது 70.70-இல், மூன்றாவது 103.10-இல், பன்னிரண்டாவது சரியாக 324-இல். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வின்சென்ஸோ கலிலேயி, அதாவது வானத்தை அளந்த கலிலியோவின் அப்பா, 18-ஆல் வகுக்கச் சொன்னார். அவர் வழியில் போட்டுப் பார்த்தால் பன்னிரண்டாவது ஃப்ரெட் பாதிக்கு இரண்டு மி.மீ. முன்னாலேயே நின்றுவிடுகிறது. பெரிய மனிதர்களின் கணக்கும் இரண்டு மி.மீ. தவறும் என்பது எனக்குத் தைரியமாக இருந்தது.

தஞ்சாவூர் வீணையில் இந்தச் சங்கடம் வேறுவிதம். அங்கே 24 மெட்டுகளையும் கரி கலந்த மெழுகில் பதிக்கிறார்கள். காதால் கேட்டுக் கேட்டு நகர்த்திச் சுரஸ்தானத்தில் நிறுத்துகிறார்கள். நாளடைவில் சுருதி விலகினால் மெழுகை இளக்கி மறுபடியும் வைக்கலாம். மெழுகு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். காடி பொறுக்காது; வெட்டினால் வெட்டியதுதான். 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வீணை என்றதும் நம் மனதில் வருபவர் சரஸ்வதி, அடுத்து வீணை தனம்மாள். வீணை செய்பவர் என்றதும் வருவது ஓர் ஆண். அந்தப் படம் என் மனதிலும் அப்படியே இருந்தது. வாசிக்கும் பெண்ணைக் கும்பிடத் தெரிந்த எனக்கே, உளி பிடித்த பெண்ணை நினைத்துப் பார்க்க வரவில்லை.

மரம் தேடினேன். பட்டறை மூலையில் பழைய வீடொன்றை இடித்தபோது வந்த வேங்கை நிலை ஒன்று சாய்ந்திருந்தது. நாற்பது ஐம்பது வருடம் வெயில் மழை பார்த்து வைரம் பாய்ந்த மரம். இனி அது எளிதில் முறுக்காது, சுருங்காது. அதில் அரை மீட்டர் துண்டு எடுத்து, கீழே மர அறுவை மில்லில் கொடுத்து 8 மி.மீ. பலகைகளாக அறுத்து வாங்கினேன். நாலங்குல நிலையில் எட்டுப் பலகை கிடைத்தது. அப்பாவிடம் சொல்லவில்லை.

முதல் பலகையைக் கையால்தான் அறுத்தேன். இரண்டு தவறு செய்தேன். ஒவ்வொரு கோட்டையும் முந்தைய கோட்டிலிருந்து அளந்தேன். கோட்டுக்குக் கால் மி.மீ. பிசகினாலும் போகப் போக அது சேர்ந்துகொண்டே போகும். பன்னிரண்டாவதுக்கு வரும்போது மூன்று மி.மீ. தள்ளியிருந்தது. எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்தே அளக்க வேண்டும், பக்கத்தில் இருப்பதிலிருந்து அல்ல. இரண்டாவது தவறு ரம்பம். ஃப்ரெட்டின் அடியில் இருக்கும் நாக்கு அரை மி.மீ. தடிமன். காடி 0.6 மி.மீ. இருந்தால்தான் தட்டினால் கவ்வும். அப்பாவின் ரம்பம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அகலமாக அறுத்தது. ஃப்ரெட் அதில் லொடலொடவென்று ஆடியது.

இரண்டாவது பலகைக்கு, அப்பா சோளக்காட்டில் ஒரு வேலைக்குப் போயிருந்த நாளில், இரும்பு வெட்டும் கிரைண்டரை எடுத்தேன். கம்பி வெட்டும் வட்டு மெலிது என்று நினைத்தேன். ஸ்விட்சைப் போட்டதும் அது கையில் உயிருள்ள பிராணிபோல் துள்ளியது. மரம் அறுபடவில்லை, கருகியது. காடி ஒரு மி.மீ.க்கும் மேல் போனது. செய்யக்கூடாத காரியம் அது. இரும்புக்கான வட்டு மரத்துக்கு ஆகாது. அந்த மெஷினில் மரம் அறுக்கும் பல்வட்டை மாட்டுவது அதைவிட ஆபத்து, சிக்கினால் திருப்பி அடிக்கும். இதைப் படிக்கும் யாரும் முயல வேண்டாம். அணைத்துவிட்டு அரைமணி நேரம் கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் குட்டை விரல் கண்முன் நின்றது.

ஆனால் ஒன்று யோசித்தேன். எனக்கு மோட்டார் புதிதா? பதினெட்டு வயதிலிருந்து மிக்ஸி ஓட்டுகிறேன். கிரைண்டரில் கல் சுழலும்போதே மாவைத் தள்ளிவிடுகிறேன். அம்மா தையல் மெஷினில் ஊசி ஏறி இறங்கும் இடத்துக்கு அரை அங்குலத்தில் விரல் வைத்துத் தைத்தார். இவற்றை யாரும் அபாயமான கருவி என்று எங்களிடமிருந்து பிடுங்கவில்லை. அடுப்படிக்குள் இருக்கிறவரை மோட்டார் சாமான். வெளியே வந்தால் மெஷின்.

எங்கள் உடைதான் உண்மையில் மெஷினுக்கு எதிரி. முந்தானை, துப்பட்டா, வளையல், சங்கிலி, பின்னல். மாவு மில்லில் முந்தானையோ முடியோ சிக்கிய கதை இல்லாத ஊர் உண்டா? அதைச் சொல்லி மெஷினிடமிருந்து நம்மை விலக்குகிறார்கள். உடையை மாற்றலாமே என்று சொல்வதில்லை. நான் அப்பாவின் பழைய சட்டையை மாட்டி, கைப் பொத்தானைப் போட்டு, முடியைக் கொண்டையாக இறுக்கிக் கட்டி, வளையலைக் கழற்றி வைத்தேன். கண்ணாடி, மூக்குக்கு முகமூடி. கையுறை கூடாது, சுழலும் பல் அதைப் பிடித்து விரலோடு இழுக்கும். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, எட்டுக்கை அம்மனாட்டம் நிக்கற?" என்றார். எங்கள் மலைக் காவல் தெய்வம் எட்டுக்கை அம்மன். சங்கப் பாட்டில் வருகிற கொல்லிப்பாவை அவள்தான் என்பார்கள். சிரித்தே ஆளைக் கொல்கிற பாவை. கை எல்லாம் ஆயுதம் வைத்திருப்பவளுக்குப் பொங்கல் வைக்கிற ஊரில், இரண்டு கையில் ஒரு சின்ன மெஷின் பிடித்தவளைப் பார்க்கத் தெருவில் நாலு பேர் நின்றார்கள்.

மூன்றாவது, நான்காவது பலகைகள் பேனா மாதிரிப் பிடிக்கும் ஒரு குட்டி மெஷினில் போயின. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அதன் சின்னப் பல்வட்டு மெலிதுதான். ஆனால் வெறும் கையில் பிடித்து ஐந்து செ.மீ. தூரம் நேராக ஓட்ட முடியவில்லை. ஸ்டீல் ஸ்கேலை அணைத்துப் பிடித்தாலும் நுனி அலைந்தது. மெஷினின் உடம்பு பலகையில் இடித்ததால் வட்டு சாய்ந்தே இறங்கியது. அப்போதுதான் புரிந்தது: கருவியை மரத்தின் மேல் ஓட்டுவதைவிட, கருவியை அசையாமல் வைத்து மரத்தை அதன் மேல் நகர்த்துவது சுலபம், பத்திரமும்கூட. அரிவாள்மனையில் காய் நறுக்குகிற நமக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

12 வோல்ட்டில் ஓடும் 775 என்கிற சின்ன மோட்டார், அதற்கு ஒரு பவர் சப்ளை, வேகத்தைக் குறைக்கும் ஒரு கட்டுப்பாடு, 63 மி.மீ. விட்டமும் 0.6 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு பல்வட்டு. உலோகத்தில் காடி போட வைத்திருக்கும் வட்டு அது. எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய், என் சம்பளத்தில் சேர்த்தது. வட்டின் நடு ஓட்டை பெரிது, மோட்டார் தண்டு சிறிது; இரண்டையும் இணைக்க ஒரு புஷ் கடைய வேண்டும். காரவள்ளிக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போனேன். லாரிக்குக் கூண்டு கட்டும் ஊர் அது. லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஒரு பட்டறையில் நுழைந்ததும் அங்கிருந்தவர் எனக்குப் பின்னால் பார்த்தார். "ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?" என்றார். "இல்லீங்க" என்றேன். "அளவு தெரியுங்களா?" காகிதத்தில் வரைந்து வைத்திருந்த படத்தை நீட்டினேன். தண்டு 5 மி.மீ., ஓட்டை 16 மி.மீ. அவர் வெர்னியரை எடுத்து என் அளவைச் சரிபார்த்தார். அதற்குப் பிறகு என்னிடமே பேசினார். கடைந்து கொடுத்துவிட்டு, "வேகத்தைக் கம்மியா வெச்சு ஓட்டுங்க, இது இரும்புக்குண்டான பல்லு, மரத்தூள் அடைச்சுக்கும்" என்றார். அந்த அறிவுரைக்கு அவர் காசு வாங்கவில்லை.

அது உண்மை. ஐந்தாவது பலகை புகைந்துதான் போனது. முழு வேகத்தில், முழு ஆழத்தையும் ஒரே வெட்டில் எடுக்கப் பார்த்தேன். வேகத்தைப் பாதியாக்கி, ஒவ்வொரு காடியையும் ஒவ்வொரு மி.மீ.யாக மூன்று தடவையில் இறக்கியபோது வெட்டு சுத்தமாக வந்தது. மோட்டாரை ஒரு பிளைவுட் பெட்டிக்குள் தலைகீழாகப் பொருத்தியிருந்தேன். மேல்பலகையின் பிளவு வழியே வட்டு 3 மி.மீ. மட்டும் எட்டிப் பார்க்கும். அதற்குமேல் காடிக்கு ஆழம் தேவையில்லை. அந்த 3 மி.மீ. தெரிந்ததும் என் பயம் பாதி போனது. மெஷின் என்கிற பெரிய பூதம் அரிசிமணி உயரத்துக்கு வந்துவிட்டது. விரல்கள் அதன் பக்கம் போகாமல், பலகையை ஒரு தள்ளுவண்டியில் இறுக்கி, வண்டியைத்தான் தள்ளுவேன். இடம் பிசகாமல் இருக்க, இருபது இடத்தில் வெட்டுக்குறி போட்ட ஓர் அளவுச் சட்டத்தைப் பலகையோடு ஒட்டி, அந்தக் குறிகளில் ஓர் ஆணி விழுந்து நிற்கும்படி செய்தேன். ஸ்கேலில் அரை மி.மீ.க்குக் கீழே என்னால் அளக்க முடியவில்லை. அது போதும். அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அரை மி.மீ. பிழை என்பது மூன்று பங்கு விலகல்கூட இல்லை.

இப்படித் தேடிப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் கலமஸூ பெண்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஊர் அது. கிப்சன் கிடார் தொழிற்சாலை அங்கே இருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் போனபின் அந்தத் தொழிற்சாலையை நடத்தியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். 1942-லிருந்து 1945 வரை அவர்கள் செய்த கிடார்களை இன்றும் தேடித்தேடி வாங்குகிறார்கள். ஆனால் போர்க்காலத்தில் கிடார் செய்வதையே நிறுத்திவிட்டதாகத்தான் அந்தக் கம்பெனி சொல்லிவந்தது. தொழிற்சாலை வாசலில் பெண்கள் கூடியிருக்கும் ஒரு பழைய புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டு ஜான் தாமஸ் என்ற சட்டப் பேராசிரியர் விசாரித்தார். அவர்களில் உயிரோடிருந்தவர்களைத் தேடிப்போய்ப் பேசி, 'கலமஸூ கேல்ஸ்' என்று புத்தகம் எழுதினார். கிடார்களை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தார். பெண்கள் செய்தவை கொஞ்சம் மெலிதாக, நுணுக்கமாகத் தேய்க்கப்பட்டிருந்தன.

தேய்த்தது என்றதும் எனக்கு உப்புத்தாள் ஞாபகம் வந்தது. பெண்களுக்கு நுணுக்கமான கை என்று யாராவது மெச்சினால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. நுணுக்கம் கையோடு பிறந்து வருவதில்லை. வெட்டும் வேலை யாருக்குக் கொடுக்கப்படவில்லையோ அவர்கள் தேய்க்கும் வேலையில் தேர்ந்தார்கள். கலமஸூவில் அந்தப் பெண்களுக்கு மெஷின் கிடைக்க ஓர் உலகப்போர் வேண்டியிருந்தது. எனக்குத் தம்பி திருப்பூர் போனதும், அப்பாவுக்குக் கண் மங்கியதும், மோட்டார் விலை மலிந்ததும் வேண்டியிருந்தது. மலிவு என்பதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஐம்பதாயிரம் ரூபாய் மெஷின் என்றால் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். வீணானால் பதில் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து முந்நூறு ரூபாயை நான் யாருக்கும் பதில் சொல்லாமல் வீணாக்கலாம்.

ஆறாவது பலகையில் இருபது காடியும் விழுந்தன. கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் அப்பா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. உள்ளே வந்து மெஷினை அணைத்தார். மூலையில் சாக்குக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த பலகைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஐந்து. நல்ல வேங்கை. கருகியது, கோணியது, அலைந்தது. மரம் என்ன விலை என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். பதில்கூட வைத்திருந்தேன். அவன் கெடுத்தது எத்தனை பலகை, கணக்கு நோட்டில் இருக்கிறதா என்று.

அவர் கேட்கவில்லை. என் கையிலிருந்த ஆறாவது பலகையை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்தார். தெரியவில்லை போலும், கட்டைவிரல் நகத்தை ஒரு காடியில் வைத்து இழுத்தார். பிறகு மூலமட்டத்தை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்து என்னிடம் நீட்டினார். "பாரு. உன் வண்டி கோணல். எல்லாக் காடியும் ஒரே பக்கமா ஓடியிருக்குது. என்ன பார்த்து வேலை செஞ்ச?" என்றார். பார்த்தேன். ஐந்து செ.மீ. அகலத்தில் ஒரு மி.மீ. சாய்வு. சரியாகத்தான் சொன்னார். "மட்டம் புடிக்காம மெஷினை ஓட்டுனா மெஷினும் சேர்ந்து பொய் சொல்லும்."

எனக்கு அழுகை வந்தது. திட்டியதற்காக இல்லை. முப்பது வருடத்தில் முதல்முறையாக அவர் என் வேலையைத் திட்டினார், என்னை அல்ல. தம்பியை அவர் இப்படித்தான் திட்டுவார். அந்தத் திட்டுக்கு நான் எவ்வளவு காலம் ஏங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

தள்ளுவண்டியை இருவருமாக மட்டம் பிடித்தோம். இதைச் சமரசம் என்று நான் எழுத மாட்டேன். அம்மா உட்கார்ந்த இடத்தைப் பற்றி அவரிடம் அன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கணக்கு நோட்டில் விட்டுப்போன வரிகளை இனி யாரும் எழுதப்போவதில்லை.

ஏழாவது பலகைதான் எனக்கு மிகவும் வலித்தது. மட்டம் சரி, வேகம் சரி, கை பழகிவிட்டது. பத்துக் காடி கச்சிதமாக விழுந்திருந்தது. அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது. ஓடிப்போய் இறக்கினேன். அதற்குள் வாசலில் கேஸ் சிலிண்டர். கையெழுத்துப் போட்டேன். மகள் ரப்பர் பேண்டைக் காணோம் என்றாள். தேடிக் கொடுத்தேன். திரும்பி வந்து ஆணியை அடுத்த குறியில் விட்டேன், வெட்டினேன். அது அடுத்த குறி இல்லை, அதற்கும் அடுத்தது. பன்னிரண்டாவதை முதலில் வெட்டிவிட்டேன் போலும், போய்ப் பதினொன்றை வெட்டினால் போச்சு என்று நினைத்து, அவசரத்தில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளி, ஆணி குறியில் உட்காரும் முன்பே அழுத்தினேன். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் யாருக்கும் வேண்டாத ஒரு காடி விழுந்தது.

பயமும் மெஷினும் என்னை அவ்வளவு தடுக்கவில்லை. ஒரு மணி நேரம் என் கவனம் எனக்கே சொந்தமாக இருக்கவில்லை என்பதுதான் தடுத்தது. அப்பா பட்டறையில் இருக்கும்போது அவரை யாரும் கூப்பிட மாட்டோம். சாப்பாட்டுக்குக்கூட வாசலில் நின்று செருமத்தான் செய்வோம். அவருடைய கை நேராக இருந்ததற்கு அந்த அமைதியும் ஒரு காரணம். அதை அவருக்குச் செய்து கொடுத்தவர்கள் நாங்கள்.

இதை அவரிடம் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். மறுநாள் காலை நான் எட்டாவது பலகையை வண்டியில் இறுக்கும்போது, பட்டறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வீட்டு அக்கா வந்தார். "வேலையா இருக்கா, அப்புறம் வா தாயி" என்றார். மகள் வந்தாள். "பாப்பா, என்ன வேணுமோ என்கிட்ட கேளு." பாலையும் அவரே காய்ச்சப் போனார். பொங்கவிட்டார். தீய்ந்த வாசனை பட்டறைவரை வந்தது. நான் எழுந்து போகவில்லை. அது எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கால் இரண்டு முறை எழப் பார்த்தது. இருபது காடி முடித்து நிமிர்ந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் வாழ்க்கையில் யாரும் குறுக்கிடாத மிக நீளமான ஒரு மணி நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

பலகையின் இரு ஓரத்தையும் கழுத்தின் அகலத்துக்கு இழைத்தேன். உப்புத்தாள் போட்டேன், அதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய அட்டையை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி, தோசைத் திருப்பியை உள்ளே விட்டு நெம்பி எடுத்தேன். புதுப் பலகையை ஒட்டி, ஒரு நாள் இறுக்கி வைத்து, ஃப்ரெட்டுகளைக் கொட்டாப்புளியால் தட்டி இறக்கினேன். ஒவ்வொன்றும் 'டப்' என்று கவ்விக்கொண்டது. கம்பி கட்டி வாசித்தபோது பதினான்காவது ஃப்ரெட் லேசாக அதிர்ந்தது. அரம் போட்டுத் தணித்தேன். இன்னும் முழுசாகப் போகவில்லை. மகளுக்கு அது கேட்கும், எனக்குக் கேட்கும். வேறு யாரும் சொன்னதில்லை.

போன மாதம் மகள் பட்டறைக்கு வந்து, அந்த மெஷினில் தானும் ஒரு பலகை வெட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அவளுக்கு வயது பதின்மூன்று. என் வாய் யோசிக்கவே இல்லை. "மரம் என்ன விலைன்னு தெரியுமாடி?" என்றேன். சொல்லி முடித்ததும் வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

சாக்குக்கு அடியில் இருந்த ஏழு பலகைகளையும் எடுத்து அவள் முன்னால் அடுக்கினேன். எது எப்படிக் கெட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் முடியைக் கட்டச் சொன்னேன், சட்டைக் கைப்பொத்தானைப் போடச் சொன்னேன், கண்ணாடியைக் கொடுத்தேன். புது மரமாக ஒரு பலாப்பலகை எடுத்து வண்டியில் அவளையே இறுக்கச் சொன்னேன். மட்டம் பிடித்திருக்கிறாளா என்று பார்த்தேன். அவள் அவசரப்பட்டாள். நான்காவது காடி பாதியில் கருகியது. கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அடுத்ததை வெட்டு" என்றேன்.